பதிவுக்குரல் மோசடி: முத்திரையா, பதிவேடா, வாசல்தடுப்பா?

குமரி மாவட்டத்தில் குளச்சல், தூத்தூர்ப் பக்கம் பல வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடாவில் இருப்பார். ஃபோன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பார்கள். அந்தப் பதைப்பைக் குறிவைத்துத்தான், 'உங்கள் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்துங்கள்' என்ற பதிவுக்குரல் வருகிறது. அழுத்தினால் மறுமுனையில் ஓர் 'அதிகாரி' பேசுவார்.

இந்த அழைப்பைக் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு ஃபோன் கம்பெனி. அதன்மேல் அரசு எந்தக் கடமையைச் சுமத்துவது என்பதில் மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன.

முதலாவது, அமெரிக்காவின் முத்திரை முறை. 2019 டிசம்பரில் வந்த டிரேஸ்டு சட்டத்தின்படி, பெரிய கம்பெனிகள் 2021 ஜூன் 30-க்குள் ஸ்டிர்/ஷேக்கன் முறையை அமல்படுத்த வேண்டியிருந்தது. அழைப்பு புறப்படும் இடத்திலேயே கம்பெனி டிஜிட்டல் கையொப்பம் இடும். வாடிக்கையாளரையும் தெரியும், அந்த எண் அவருடையது என்பதும் தெரியும் என்றால் 'ஏ'. ஆளைத் தெரியும், எண்ணுக்கு உறுதி இல்லை என்றால் 'பி'. வேறொரு வலையமைப்பிலிருந்து உள்ளே வந்தது, அவ்வளவுதான் தெரியும் என்றால் 'சி'. இணைய நெறிமுறையில் ஓடும் அழைப்புக்கே இது பொருந்தும். நடுவில் இணைய நெறிமுறையில் ஓடாத பழைய சர்க்யூட் இணைப்பு ஒன்று குறுக்கிட்டாலும் கையொப்பம் உதிர்ந்துவிடும். தவிர, முறையாக எண்ணை வாடகைக்கு எடுத்த மோசடிக்காரனுக்கும் 'ஏ' கிடைக்கும். முத்திரை ஆளைக் காட்டும், அவன் நோக்கத்தைக் காட்டாது.

இரண்டாவது, நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் பதிவேட்டு முறை. 2018 ஒழுங்குமுறைப்படி வணிக அழைப்பு விடுகிறவர் டிஎல்டி எனப்படும், பிளாக்செயின் அடிப்படையிலான மின்னணுப் பதிவேட்டுத் தளத்தில் பதிய வேண்டும். விளம்பர அழைப்புக்கு 140-இல் தொடங்கும் எண், வங்கி போன்றவற்றின் சேவை அழைப்புக்கு 1600-இல் தொடங்கும் எண். சாதாரண பத்து இலக்க எண்ணில் விளம்பரம் செய்யக் கூடாது. வயதானவருக்கும் ஒரே வரியில் சொல்லிப் புரியவைக்கலாம் என்பதுதான் இதன் பலம்: வங்கி என்று சொல்லிச் சாதாரண மொபைல் எண்ணில் பேசினால் நம்பாதே. ஆனால் திருடன் எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போடமாட்டான். விதிக்கு அடங்கும் கடைக்காரரை ஒழுங்குபடுத்தும் அளவுக்கு இது மோசடிக்காரனைத் தொடுவதில்லை.

மூன்றாவது, நாட்டு எல்லையில் தடுப்பது. தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபர் 22 அன்று தொடங்கிவைத்த தடுப்பு அமைப்பு, முதல் 24 மணி நேரத்தில் 1.35 கோடி அழைப்புகளை நிறுத்தியதாக அரசு அறிவித்தது. வெளிநாட்டு வழியாக நுழையும் அழைப்பு +91 எண்ணைக் காட்டினால், அந்த சிம் உண்மையிலேயே வெளிநாட்டில் ரோமிங்கில் இருக்கிறதா என்று சரிபார்க்கப்படும். இல்லையென்றால் அங்கேயே வெட்டு. நம் மாவட்டத்துக்கு இந்தச் சரிபார்ப்புதான் உயிர்நாடி. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால், ஊர் சிம்மோடு துபாயில் இறங்கி 'வந்து சேர்ந்துட்டேன்' என்று சொல்லக் கூப்பிடும் மகனின் அழைப்பும் போய்விடும். நாகர்கோவிலின் 04652 போன்ற தரைவழி எண்ணுக்கு இந்தச் சிக்கலே இல்லை. தரைவழி எண் ரோமிங்கில் போகாது.

மூன்றில் உடனடிப் பலன் தருவது வாசல்தடுப்பே. அதற்கும் ஒரு பொந்து இருக்கிறது: சிம் பாக்ஸ். வெளிநாட்டு அழைப்பு இணையம் வழியாக இந்த நாட்டுக்குள் இருக்கும் ஒரு பெட்டிக்கு வருகிறது. அதில் செருகிய பல சிம்களில் ஒன்றிலிருந்து உள்ளூர் அழைப்பாகக் கிளம்புகிறது. எல்லையில் எதுவும் தெரியாது. எண்ணும் உண்மையான எண் என்பதால் அமெரிக்க முத்திரைகூட இங்கே 'ஏ' என்றே விழும். இதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் சிம் கொடுத்த கம்பெனி மட்டுமே. நாள் முழுக்க ஒரே டவரில் நகராமல் கிடக்கும் சிம், நூற்றுக்கணக்கான புதுப்புது எண்களுக்குச் சில நொடி அழைப்புகள், உள்வரும் அழைப்போ ஏறக்குறைய இல்லை. டிராய் ஒழுங்குமுறையின் 2025 பிப்ரவரித் திருத்தம் இத்தகைய போக்குகளை அலசிப் பார்க்கும்படி கம்பெனிகளிடம் சொல்கிறது.

அந்தத் திருத்தத்தின் தண்டனையில்தான் எங்களுக்கு மனநிறைவு இல்லை. தொல்லை அழைப்புகளின் கணக்கைத் தவறாகக் காட்டும் கம்பெனிக்கு முதல் முறை 2 லட்சம், அடுத்து 5 லட்சம், அதன்பின் ஒவ்வொரு முறையும் 10 லட்சம் ரூபாய். கோடிக்கணக்கில் சந்தாதாரர் வைத்திருப்பவருக்கு இது சில்லறை. அமெரிக்காவில் ரோபோகால் தடுப்புப் பதிவகத்திலிருந்து ஒரு கம்பெனியை நீக்கினால், மற்றக் கம்பெனிகள் அதன் அழைப்புகளை வாங்கக் கூடாது, வியாபாரமே நின்றுபோகும். தொல்லை அழைப்பைத் தடுக்கிறோம் என்று வெறும் காகிதத் திட்டத்தைக் காட்டிப் பதிவகத்துக்குள் நுழைந்தவர்கள் பலர் என்பது அங்கே இருந்த ஓட்டை. 2025 ஆகஸ்டில் 1,200-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் நீக்கப்பட்டன. நம் வாசல்தடுப்போடு அந்த வெட்டும் அதிகாரமும் சேர வேண்டும் என்பதே எங்கள் தீர்ப்பு. வாட்ஸ்அப் அழைப்புகள் இம்மூன்று வழிக்குமே வெளியே நிற்கின்றன.

வீட்டில் இருப்பவர் கையிலும் ஓர் ஆயுதம் உண்டு. தொல்லை எண்ணைப் பிளாக் செய்துவிட்டு விட்டுவிடுகிறோம். அது எந்தக் கணக்கிலும் ஏறாது. பத்து நாளுக்குள் ஐந்து வெவ்வேறு ஆட்கள் புகார் கொடுத்தால்தான் அழைத்தவர்மேல் நடவடிக்கை பாயும். எனவே ஒரே தெருவில் ஐந்து வீட்டுக்கு ஒரே எண் அடித்திருந்தால் ஐந்து வீடும் தனித்தனியே தொல்லை அழைப்புப் புகார் எண்ணான 1909-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள்: வந்த எண், தேதி, என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி. ஏழு நாளுக்குள் போக வேண்டும். அழைத்தவர் டிஎல்டி-யில் பதிவில்லாதவர் என்றால், விளம்பர அழைப்பு வேண்டாம் என்ற டிஎன்டி பதிவை நீங்கள் முன்கூட்டியே போட்டிருக்கத் தேவையில்லை. களியக்காவிளைப் பக்கம் கேரள சிம் வைத்திருப்பவரும் தம் கம்பெனியிடமே கொடுத்தால் போதும். அழைப்பு கிளம்பிய கம்பெனிக்கு அது தள்ளப்படும். பணம் போய்விட்டால் 1909 உதவாது, அந்த நிமிடமே இணையக் குற்ற உதவி எண்ணான 1930.

இன்னொன்று, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று பாருங்கள். ஒருவர் ஒன்பது வரை வைத்திருக்கலாம் என்பதால் கூடுதலாக ஒன்று இருந்தாலும் தானாக எச்சரிக்கை வராது. அறியாத எண் இருந்தால் 'என் எண் அல்ல' என்று குறியுங்கள். வெளிநாட்டில் இருப்பவரின் பெயரில் ஊரில் எடுத்த சிம்களையும் விட்டுவிடாதீர்கள். அவரிடம் ஓடிபி கேட்டு வாங்கிப் பார்ப்பதைவிட, அங்கிருந்து அவரையே பார்க்கச் சொல்வது நல்லது.