ஒரு சைக்கிள் ஹப்புக்கு 14,800 ரூபாய் அழுதேன். நீங்களாவது உஷாரா இருங்க

நேத்து ராத்திரி பூரா தூக்கம் இல்லை. அந்தக் கோபத்துலயே எழுதறேன்.

என் எடை 92 கிலோ. வண்டியோட வந்த பின் சக்கரத்துல 24 கம்பிதான், ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு அறுந்துட்டே இருந்துச்சு. ஈசிஆர்ல 200 பிஆர்எம் (குறிச்ச நேரத்துக்குள்ள 200 கிலோமீட்டர் ஓட்டி முடிக்கிற சைக்கிள் பயணம்) பேர் குடுத்தாச்சு. சரி, 32 கம்பியில தனியா ஒரு சக்கரமே கட்டிடலாம்னு ரிம் வாங்கிட்டேன். ஹப்தான், அதாவது கம்பியெல்லாம் வந்து மாட்டுற நடு உருளைதான், கிடைக்கலை. அப்ப மாட்டினதுதான், வீடியோ போட்டு இறக்குமதி சைக்கிள் பார்ட்ஸ் விக்கிற ஒரு ஆன்லைன் பக்கம். பேர் போட மாட்டேன், வக்கீல் நண்பர் வேண்டாம்னுட்டார்.

ஏன் நம்பினேன்னு கேட்கறீங்களா? அவன் கேட்ட கேள்வி அப்படி. "அண்ணா, பின் அச்சு 142ஆ, 135ஆ? டிஸ்க் சென்டர்லாக்கா, ஆறு போல்ட்டா? 11 ஸ்பீடு ரோடு கேசட்டுன்னா பழைய 10 ஸ்பீடு பாடியில ஏறாது, 1.85 மில்லி கூட வேணும்." இவ்வளவு தெரிஞ்சவன் ஏமாத்துவானா? 36 கம்பி மாட்டுற 36 ஓட்டை ஹப் எடுக்கட்டுமான்னு கேட்டேன். "வீண் செலவுண்ணா, உங்க எடைக்கு 32 தாராளம்"னான். அந்த ஒரு வார்த்தையில விழுந்துட்டேன். விக்க வந்தவனே செலவு வேணாம்ங்கிறானே! ஜப்பான் சீல்டு பேரிங், ஆறு பால் (குடிக்கிற பால் இல்லைங்க, ஃப்ரீஹப்னு, மிதிச்சா மட்டும் சக்கரத்தைச் சேர்த்துச் சுத்தற பாகம், அதுக்குள்ளே பல்லைக் கவ்விப் பிடிக்கிற கொக்கி), நாளைக்கு ரேட் ஏறிடும்னான். 14,800 ரூபாய், முழுசும் முன்பணம், யூபிஐ. பில் கேட்கக்கூடத் தோணலை.

சக்கரம் கட்டினது எங்க தெரு சைக்கிள் கடை பாய். ஹப்பைக் கையில வெச்சுச் சுத்திப் பார்த்துட்டு, "சத்தம் ஒண்ணுபோல வரலையே தம்பி"ன்னார். இது புது மாடல் பாய், உங்களுக்குத் தெரியாதுன்னு நான்தான் அவர் வாயை அடைச்சேன்.

மரக்காணம் உப்பளம் வரைக்கும் பிரச்சினை இல்லை. திரும்பி வரும்போது கடப்பாக்கம் தாண்டி எழுந்து நின்னு ஒரு மிதி மிதிச்சேன். டக்குனு ஒரு சத்தம். பெடல் வெறுமனே சுத்துது, சக்கரம் நகரலை. விழப் பார்த்து, தப்பிச்சேன். 13 மணி 30 நிமிஷக் கெடுவுல நாலு மணி நேரத்துக்கு மேல கையில இருந்துச்சு. இருந்து என்ன? வண்டியோட நானும் குட்டியானையில ஏறி வீடு வந்தேன்.

பாய் அச்சு மூடியை இழுத்தார், ஃப்ரீஹப் கையோட வந்துடுச்சு. உள்ளே ஆறு இல்லை, மூணே மூணு பால். ஒண்ணோட முனை மழுங்கிப்போச்சு, இன்னொண்ணு ஸ்பிரிங் அறுந்து படுத்துக் கிடக்கு. கிரீஸ்ல விரலை விட்டா இரும்புத் தூள் நறநறங்குது. பேரிங் சீல்ல நம்பரும் இல்லை, பேரும் இல்லை. பாய் ஒண்ணும் சொல்லலை, அதுதான் இன்னும் வலிச்சுது.

அவனுக்கு மெசேஜ் போட்டேன். "வீடியோ அனுப்புங்கண்ணா." அனுப்பினேன். "வீல் கட்டினவர் கம்பியை ஓவரா முறுக்கியிருப்பார்." கம்பி முறுக்குக்கும் பால் தேயறதுக்கும் என்னடா சம்பந்தம்? "உள்ளே போட்டோ எடுத்து அனுப்புங்க." அதையும் அனுப்பினேன். உடனே, "கழட்டிட்டீங்களே ப்ரோ, வாரண்டி போச்சே!" அண்ணா ப்ரோ ஆனது அப்பதான். போன் எடுக்கறதில்லை. ஆனா அதே ஹப்பை நேத்து ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்கான், "கடைசி 2 பீஸ்". இன்னிக்குக் காலையில பிளாக்.

14,800 ரூபாய். கம்பி, கட்டுக்கூலி தனி. வேற ஹப் வாங்கினா இந்தக் கம்பி நீளம் சேருமான்னு அதை அளந்து பார்த்தாத்தான் தெரியும்ங்கிறார் பாய்.

எப்படி ஹப் தேர்ந்தெடுக்கிறதுன்னு விரிவா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், மனசு ஓடலை. ஃப்ரீஹப்பைக் கழட்டி உள்ளே காட்டற வீடியோ கேளுங்க. பேரிங் நம்பர் கேளுங்க, 6902 மாதிரி ஒண்ணு சொல்லணும், சொல்லலைன்னா விட்டுடுங்க. ஜிஎஸ்டி பில் இல்லாம ஒரு ரூபாயும் அனுப்பாதீங்க. சக்கரம் கட்டறவர் சத்தம் சரியில்லைன்னு சொன்னா, காது குடுத்துக் கேளுங்க.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணிப் புகார் குடுத்துட்டேன். பில் இருக்கான்னுதான் முதல் கேள்வி.