விண்டோஸ் 10 முடிந்த பிறகும் ஓடும் என் பழைய லேப்டாப்

சிறு பதிப்பகங்களுக்குப் புத்தக லேஅவுட் செய்து கொடுப்பதும் மெய்ப்புத் திருத்துவதும் என் தொழில். 2016இல் வாங்கிய லேப்டாப், ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர், 8 ஜிபி ராம். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டதிலிருந்து வேகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். சோதித்துப் பார்த்தேன், தகுதியில்லை என்று வந்துவிட்டது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவும், அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட் வருவதும், முடிந்தது.

நான் பதறவில்லை. ஏனென்றால் இதே கட்டத்தை அப்பாவின் டெஸ்க்டாப்பில் ஏற்கெனவே தாண்டியிருந்தோம். அங்கே தவறாகத்தான் தாண்டினோம். அதிலிருந்த விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியே ஆதரவு நின்றுவிட்டது. ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று மூன்று வருடம் அப்படியே விட்டேன். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியபோது யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நெட்வொர்க் வழியாகத் தானே தாவியது. அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது, அதைப் போடாத கணினிகள்தான் மாட்டின. இது தெரிந்திருந்தும் அப்பாவின் வங்கிக் கணக்கு திறக்கும் கணினியை அப்படி விட்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

2023 தொடக்கத்தில் குரோமும் கைவிட்டது. விண்டோஸ் 7க்குக் கடைசிப் பதிப்பு 109. “ஏம்மா, மேலே மஞ்சள் பட்டையில என்னமோ வந்துக்கிட்டே இருக்கே?” என்று அப்பா கேட்ட வாரத்தில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 21 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். பழைய கணினிக்கு இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி ராமை 4 ஆக்கினோம், ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கினோம். அன்றிலிருந்து இன்றுவரை அப்பாவுக்கு வேண்டிய ப்ரௌசர், வங்கி, யூடியூப், கடிதம் எழுத லிப்ரெஆபிஸ் எல்லாம் அதில்தான். 2027 ஏப்ரல் வரை இந்தப் பதிப்புக்கு அப்டேட் உண்டு.

சரிப்படாதது ஒன்றே ஒன்று, பிரிண்டர். எங்கள் பழைய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் அமையவே இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தேன். கடைசியில் பிடிஎஃப் ஆக்கி என் லேப்டாப்பிலிருந்து அச்சடிப்பது என்று முடிவாயிற்று.

அப்படியானால் லேப்டாப்பையும் மின்டுக்கு மாற்றிவிடலாமே? முடியாது, விண்டோஸில் ஓடும் பழைய லேஅவுட் மென்பொருளான பேஜ்மேக்கர் இருக்கிறது. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல், அடோபி அதை வளர்ப்பதை நிறுத்தியும் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் எனக்கு வேலை தரும் இரண்டு பதிப்பகங்கள் மறுபதிப்புக்கு அனுப்புவது பேஜ்மேக்கர் கோப்புகளைத்தான். உள்ளே இருப்பது எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோடும் இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி அல்லது வானவில் என்ற பழைய எழுத்துருக்கள். எழுத்துரு இல்லாத கணினியில் பாமினிக் கோப்பைத் திறந்தால் ‘அம்மா’ இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் தெரியும்.

அதனால் அக்டோபரில் இஎஸ்யு எனப்படும் நீட்டிப்பில் சேர்ந்தேன். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருகிறார்கள். 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாப்ட் ரிவார்ட்ஸ் புள்ளி ஆயிரம் கொடுக்கலாம், அல்லது கணினி அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம். நான் மூன்றாவதை எடுத்தேன். விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பில் இருந்தால்தான் சேர முடியும், அதை முதலில் பாருங்கள். சேர்ந்த பிறகு மாதாமாதம் அப்டேட் ஒழுங்காக வருகிறது. தகுதியில்லாத கணினியிலும் ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து விண்டோஸ் 11 ஏற்றும் வழி இருக்கிறது. தோழி ஒருத்தி அப்படித்தான் ஓட்டுகிறாள். ஆனால் அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. வருமானம் தரும் கணினியை அப்படி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஒரு வருடத்தை நான் அவகாசமாகத்தான் பார்க்கிறேன். அதே லேப்டாப்பில் பக்கத்திலேயே மின்ட் 22ம் போட்டிருக்கிறேன். முதல் நாள் விண்டோஸ் பகுதியைத் திறந்தால் படிக்க மட்டும் முடிந்தது, சேமிக்க முடியவில்லை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட்டவுன் செய்தாலும் அது முழுதாக மூடுவதில்லை. அதை அணைத்ததும் சரியாயிற்று.

தட்டச்சில்தான் கை தடுமாறியது. விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகை முறையில் அடித்துப் பழகிய விரல்கள். மின்டின் விசைப்பலகை அமைப்பில் தமிழைத் தேர்ந்ததும் எழுத்து வந்தது, ஆனால் ‘ம’வை இருமுறை தட்டினால் முதல் ‘ம’வுக்குப் புள்ளி தானாக விழவில்லை. ஒவ்வொரு புள்ளியாகத் தேடி வைத்துப் பக்கம் பக்கமாக அடிக்க யாரால் முடியும்? ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவி, அதிலுள்ள தமிழ்99ஐச் சேர்த்த பிறகு அ, ம, ம, ஆ என்று தட்டினால் ‘அம்மா’ வந்தது. அன்று மாலையே நாற்பது பக்கம் திருத்தினேன்.

பேஜ்மேக்கருக்கும் வழி பிடித்துவிட்டேன். மின்டுக்குள், கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு, அதில் பழைய விண்டோஸ் 7ஐ ஏற்றியிருக்கிறேன். அதன் நெட்வொர்க்கை முழுதாகத் துண்டித்துவிட்டேன். கோப்பு போவதும் வருவதும் ஒரு பொதுக் கோப்புறை வழியாக மட்டும். 8 ஜிபியில் அதற்கு 2 ஜிபி கொடுத்தால் போதும், பேஜ்மேக்கர் தாராளமாக ஓடுகிறது. ஒரு முழு நாவலை இதிலேயே லேஅவுட் செய்து அச்சகத்துக்கு அனுப்பினேன். வரி உடைந்த இடங்கள் பழைய பதிப்போடு ஒத்துப்போயின. ஆக, 2026 அக்டோபருக்குப் பிறகு இணையத்துக்குப் போவது மின்ட் மட்டும்.

என்னைப் போல அச்சு வேலை செய்பவர்கள் விண்டோஸை அழிக்கும் முன், பாமினி, வானவில் என்று வைத்திருக்கும் எழுத்துருக் கோப்புகள் அத்தனையையும் தனியாக நகலெடுத்துவிடுங்கள். எனக்கு ஒரு தலைப்பு எழுத்துரு விடுபட்டுப் போய், அந்தப் புத்தகத்தை முதலில் லேஅவுட் செய்தவரைத் தேடிப் பிடித்து வாங்க மூன்று வாரம் ஆனது.