ஏற்காட்டுத் தராசுக்கு எந்த டேட்டாபேஸ்?

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பறித்த பழத்தை மேஸ்திரி எடை போட்டுக் கைப்பேசியில் பதிய வேண்டும். சேலம் அலுவலகத்தில் வாரக் கூலி கணக்கிட வேண்டும். பழத்துக்கு எடை போதும். பார்ச்மென்ட் காபிக்கு (பழத்தோலை நீக்கி, உள் ஓட்டோடு உலர்த்தும் கொட்டை) ஈரப்பதம், மிளகுக்கு உலர்த்திய நாட்கள் என்று விவரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். அதனால், பதிவுக்குப் பதிவு விவரங்கள் மாறினாலும் ஏற்றுக்கொள்ளும் ஆவண டேட்டாபேஸ்தான் என்று முடிவானது. அந்த வகையில் மோங்கோடிபியா, கவுச்டிபியா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. (தராசும் அலுவலகமும் ஒரே கட்டடத்தில் இருந்திருந்தால், அட்டவணை டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸோடு பேச்சை முடித்திருப்பேன்; இப்படி மாறும் விவரங்களைச் சேமிக்க அதில் ஜேசன்பி என்ற வடிவம் 2014இல் வந்துவிட்டது.)

கேள்வி கேட்பதில் மோங்கோடிபிக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது. வடிகட்டு, ஆள்வாரியாகக் கூட்டு, வரிசைப்படுத்து என்று அடுக்கிக்கொண்டே போகலாம். முதலாளி திடீரென்று கேட்கும் எதற்கும் பத்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். ஒரு பள்ளம் மட்டும் உண்டு: எடையை யாராவது எண்ணாக இல்லாமல் எழுத்துச்சரமாகச் சேமித்துவிட்டால், கூட்டும்போது அதை முணுமுணுக்காமல் விட்டுவிடும். எண்ணாக இல்லாத எடையை ஏற்க மறுக்கும் ஸ்கீமா சரிபார்ப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

கவுச்டிபியில் 2016 முதல் இருக்கும் கேள்வி மொழிக்கு மாங்கோ என்று பெயர். சேலத்துக்காரர்கள் பெயரில் மயங்க வேண்டாம். இந்த மாங்கோவுக்குக் கூட்டத் தெரியாது. வரம்பு சொல்லாவிட்டால் 25 ஆவணங்களோடு நின்றுவிடும். எஸ்டேட்டில் மொத்தமே 25 பேர்தான் என்று ஒரு நாள் நானே நம்பினேன். கூட்டலுக்கு வியூ எழுத வேண்டும், அதாவது ஆவணங்களிலிருந்து வேண்டியதை எடுத்துக் கூட்டிச் சேமித்து வைக்கும் சிறு நிரல். புது வியூ என்றால் எல்லா ஆவணங்களையும் ஒருமுறை படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதன்பின் புதிதாக வந்ததை மட்டும் சேர்த்துக்கொள்ளும். வாரக் கூலி நொடியில் வரும்.

ஆனால் தராசடியில் சிக்னல் இல்லை. மோங்கோடிபிக்கு எழுத வேண்டுமானால் சர்வர் எட்ட வேண்டும். மோங்கோடிபி நிறுவனத்தின் கைப்பேசி ஒத்திசைவுச் சேவையும் 2025 செப்டம்பரோடு நின்றுவிட்டது. கவுச்டிபியோ பல இடங்களில் பிரதி வைத்து ஒத்திசைப்பதற்கென்றே பிறந்தது. கைப்பேசி பிரவுசருக்குள், கவுச்டிபியோடு ஒத்திசையும் பவுச்டிபி என்ற சிறு டேட்டாபேஸ் எழுதி வைத்துக்கொள்ளும். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு மேஸ்திரி வந்ததும் தானாகச் சேலத்துக்குப் போய்ச் சேரும்.

அதனால் கவுச்டிபியையே எடுத்தேன். இதிலும் நான் அடி வாங்கினேன். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஓர் ஆவணம் என்று வைத்து, அதிலேயே மொத்த எடையைத் திருத்தி வந்தேன். மதியம் ஒரு தராசிலும் மாலை வேறொரு தராசிலும் போட்ட ஓர் அம்மாவுக்குச் சனிக்கிழமை 14 கிலோ குறைந்தது. இரண்டு கைப்பேசிகளும் ஒரே ஆவணத்தைத் தனித்தனியாகத் திருத்தியிருந்தன. கவுச்டிபி ஒரு பதிப்பை வென்றதாக எடுத்துக்கொண்டு மற்றதை ஓரமாக வைத்திருந்தது. அழிக்கவில்லை, முரண்பாடுகளையும் காட்டு என்று கேட்டால் காட்டும். நான் கேட்கவில்லை. இப்போது ஒவ்வோர் எடைக்கும் தனி ஆவணம். எதையும் திருத்துவதில்லை, மொத்தத்தை வியூ பார்த்துக்கொள்கிறது. அந்த 14 கிலோவுக்கான கூலி மறுவாரம் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

முதலாளியின் திடீர்க் கேள்விகளுக்கு இன்னமும் மோங்கோடிபிக்காக ஏங்குகிறேன். தராசடிக்குச் சிக்னல் வரட்டும், மாற்றுவதைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.