14416: காய்ச்சல் வார்டு சிஸ்டர்களுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

மத்திய அரசு டெலி மானஸ் என்கிறது, தமிழ்நாடு அரசு ‘நட்புடன் உங்களோடு’ என்கிறது. எண் ஒன்றுதான், 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநலத் தொலைபேசிச் சேவை, 24 மணி நேரமும் உண்டு. தொற்றுக் காலத்தில் குமரி மாவட்டத்து மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எந்த அளவு பயன்படும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம்.

இதன் பெரிய பலம், யாருக்கும் தெரியாமல் பேசலாம் என்பது. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனால் தெரிந்த முகங்கள் நடமாடும் வராந்தாவில் ஓ.பி. சீட்டோடு நிற்க ஒரு ஸ்டாஃப் நர்ஸ் தயங்கத்தான் செய்வார். நைட் டியூட்டி முடித்து அறைக்கு வந்தபின் போனில் பேச அந்தக் கூச்சம் இல்லை. விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள் அந்த மொழியையே கேட்கலாம்.

“மனசு சரியில்லை” என்று மட்டும் சொன்னால் பேச்சு மூச்சுப் பயிற்சியோடு முடிந்துபோக வாய்ப்பு அதிகம். எந்த வார்டு, எத்தனை நாளாக டியூட்டி, ஒரு நாளில் எத்தனை மணி நேரத் தூக்கம், டியூட்டிக்குக் கிளம்பும்போது படபடப்போ குமட்டலோ வருகிறதா என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்லுங்கள். சாகலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்திருந்தால் அதுதான் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஆலோசகர் உங்களை மனநல மருத்துவரோடு உடனே இணைப்பார். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் எடுக்கலாம் என்பது ஒரு குறை; முன்பு பேசிய தேதியையும் சொன்ன யோசனையையும் ஒரு தாளில் குறித்து வைத்தால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

போன் போதாத கட்டமும் உண்டு. தூக்கமின்மையோ அழுகையோ இரண்டு வாரத்தைத் தாண்டினால் நேரில் மருத்துவரைப் பாருங்கள். வார்டு ஸ்டாக்கில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அல்பிரசோலம் என்ற பதற்றம் குறைக்கும் மாத்திரையை எடுத்துப் போடுவது இந்தத் தொழிலுக்கே உரிய ஆபத்து. சில வாரத்திலேயே அது இல்லாமல் தூக்கம் வராது என்றாகிவிடும். பெயர் வெளியே போகுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23, ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது.

எவ்வளவு நல்ல ஆலோசகராலும் டியூட்டி அட்டவணையை மாற்ற முடியாது. தண்ணீர் குடிக்காமல், கழிவறை போகாமல் ஆறு மணி நேரம் பிபிஇ கிட்டுக்குள் நிற்பவருக்கு வரும் எரிச்சலை ‘மன அழுத்தம்’ என்று எழுதி 14416-க்குக் கைகாட்டுவது அநியாயம். 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வந்தபோது நோயாளியைப் பராமரித்த பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் இறந்தார். இங்கிருந்து கேரளத்துக்கு வேலைக்குப் போகிற சிஸ்டர்களின் வீடுகளில் நோய் தொற்றிவிடுமோ என்ற பயம் சும்மா வந்ததில்லை. கிட் நேரத்தைக் குறைப்பது, அட்டவணையை ஒரு வாரம் முன்பே ஒட்டுவது, புதியவரை அனுபவசாலியோடு ஜோடி சேர்ப்பது ஆகியவை நிர்வாகத்தின் வேலை. வார்டில் மரணம் நடந்த அன்றே எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் கட்டாயக் கூட்டத்தை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. பேச விரும்புகிறவர் பேசட்டும், மற்றவருக்குச் சாப்பாடும் தூக்கமும் முதலில்.

எண்ணை ஒட்டுவதென்றால் பிபிஇ கழற்றும் அறைக் கதவின் உள்பக்கமும் ஊழியர் கழிவறைச் சுவரும் சரியான இடம். நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் நின்று இதை யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள்.