ரெய்கி: மாமியாருக்கும் நாய்க்கும் பசுவுக்கும் பல ஆண்டுகள் செய்து பார்த்த அனுபவம்

உள்ளங்கைகளை உடலில் வைத்து நோயாளிக்குப் பிரபஞ்ச ஆற்றலைச் செலுத்துவதாகச் சொல்லும் ஜப்பானிய முறையான ரெய்கியின் முதல் நிலைப் பயிற்சியை வேலூரில் முடித்துவிட்டு, காட்பாடியை அடுத்த எங்கள் வீட்டில் மூட்டு வலிக்கார மாமியாருக்கும், ஒரு நாட்டு நாய்க்கும், செவலை என்று நாங்கள் அழைக்கும் ஜெர்சி கலப்பினப் பசுவுக்கும் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இதனால் இன்ன நோய் குணமானது என்று சுட்டிக்காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. ஆனாலும் நான் இதை விடவில்லை. குறிப்பாக விலங்குகளிடம் விடவில்லை. அதற்கான காரணம், வகுப்பில் சொல்லிக்கொடுத்த காரணத்திலிருந்து வேறுபட்டது என்பதால் இதை எழுதுகிறேன்.

ஜப்பானைச் சேர்ந்த மிக்காவ் உசுயி 1922-இல் கியோட்டோவுக்கு அருகிலுள்ள குராமா மலையில் 21 நாட்கள் நோன்பிருந்து இம்முறையைப் பெற்றதாக ரெய்கி மரபு சொல்கிறது. அவர் 1926-இல் காலமானார். அவருடைய மாணவரான சுஜிரோ ஹயாஷி என்ற முன்னாள் கடற்படை அதிகாரி டோக்கியோவில் சிகிச்சை நிலையம் நடத்தினார். ஹவாயிலிருந்து அங்கே சென்று கற்ற ஹவாயோ டகாட்டா என்ற பெண்மணி வழியாகத்தான் இது ஜப்பானுக்கு வெளியே பரவியது. 1980-இல் இறப்பதற்கு முன் அவர் 22 பேரை மாஸ்டர்களாக்கினார், அதாவது பிறருக்குக் கற்றுத்தரும் நிலைக்கு உயர்த்தினார். அந்த நிலைக்கு அவர் வாங்கிய கட்டணம் 10,000 டாலர். நம் ஊரில் மூன்று நிலைகளுக்கும் கட்டணம் படிப்படியாக ஏறுவதைப் பார்த்து மலைப்பவர்கள், அந்த வழக்கம் எவ்வளவு பழையது என்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

பயிற்சி எளிமையானது. குருவானவர் தீட்சை கொடுப்பார்; அதன்பின் தலையில் தொடங்கி முதுகு வரை ஏறத்தாழ 12 இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் மூன்று முதல் ஐந்து நிமிடம் உள்ளங்கைகளை வைத்திருக்க வேண்டும். இன்று மட்டும் கோபப்படாதே, இன்று மட்டும் கவலைப்படாதே என்று தொடங்கும் ஐந்து நெறிகளை மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். கையில் சூடு தெரிவது உண்மை. யாருடைய கையை எவர் மேல் அத்தனை நேரம் வைத்தாலும் அந்தச் சூடு தெரியும் என்பதும் உண்மை. பிரபஞ்ச ஆற்றல் என்று வகுப்பில் சொன்னதை நான் நம்பவுமில்லை, அங்கே எழுந்து வாதிடவுமில்லை.

மாமியாருக்கு இதில் எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. மாலைத் தொழுகை முடிந்து வருபவர்களிடம் ஓதி ஊதச் சொல்வதற்காகக் கைக்குழந்தைகளுடன் எல்லா மதத்துப் பெண்களும் மசூதி வாசலில் காத்திருக்கும் ஊர் இது. "இதுவும் மந்திரிக்கிறதுதானேம்மா, செய்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். முழங்கால் தேய்மானம் அப்படியேதான் இருக்கிறது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் பயிற்சியும் தொடர்கின்றன. ஆனால் ரெய்கி செய்த இரவுகளில் அவர் நடுவில் எழுந்து உட்காராமல் தூங்குகிறார், மறுநாள் முகத்தில் கடுகடுப்பும் குறைவாக இருக்கிறது. 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு எனக்கு இதைப் புரியவைத்தது. கீமோதெரபி எடுத்துக்கொள்ளும் நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு உண்மையான ரெய்கியும், இன்னொரு பிரிவினருக்குப் பயிற்சியே இல்லாதவர் செய்த போலி ரெய்கியும் கொடுத்தபோது, இரு பிரிவினருமே முன்பைவிட இதமாக உணர்ந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. அப்படியானால் வேலை செய்தது தீட்சையல்ல, அருகில் உட்கார்ந்து பொறுமையாகத் தொட்ட ஒரு மனிதர். வயதானவர்களை மாத்திரை கொடுப்பதற்கும் சாப்பாடு வைப்பதற்கும் தவிர நாம் எப்போது தொடுகிறோம் என்று யோசித்தால், இந்தப் பலனைச் சிறியது என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

நாயிடம் விதி வேறு. விலங்கின் மேல் கையைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது, சற்றுத் தள்ளி உட்கார வேண்டும், விரும்பினால் அதுவாக வரட்டும் என்று விலங்குகளுக்கான ரெய்கியில் சொல்கிறார்கள். இது மிக நல்ல விதி. எவர் வகுத்திருந்தாலும் பின்பற்றத் தக்கது. ஆனால் நாய் கொட்டாவி விட்டால் ஆற்றல் உள்ளே போகிறது என்றும் விளக்குகிறார்கள், அதை ஏற்க முடியாது. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவதும், உதட்டை நக்கிக்கொள்வதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும் நாய்களிடம் பெரும்பாலும் சங்கடத்தின் அடையாளங்கள். எங்கள் நாய் அப்படிச் செய்தால் நான் எழுந்துவிடுவேன். தீபாவளி இரவுகளில், கதவு சன்னல்களைச் சாத்திவிட்டு நான் தரையில் அமைதியாக உட்கார்ந்திருந்தால், அது கட்டிலடியிலிருந்து ஊர்ந்து வந்து என் காலில் முதுகைச் சாய்த்துக்கொள்ளும். நடுக்கம் முழுவதும் நிற்காது, குறையும்.

மாட்டிடம்தான் இப்பழக்கம் உண்மையாகவே பயன்பட்டது. செவலையின் இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையில் ஒரு பள்ளம் உண்டு. அங்கே உள்ளங்கையை அழுத்தாமல் வைத்துக் காத்திருந்தால், உள்ளே பெருவயிறு புரண்டு, நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை கையை மெல்லத் தள்ளிக்கொண்டு எழும்பும். முதல் சில நாட்கள் அதை நான் ஆற்றல் ஓட்டம் என்று எடுத்துக்கொண்டிருந்தால்கூட யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அத்தனை தெளிவாகத் தெரியும் அசைவு அது. தினமும் பால் கறந்த பிறகு கொஞ்ச நேரம் இப்படி நிற்பதால், எது அதன் இயல்பு என்பது கைக்குப் பழகிவிட்டது. ஒரு கோடையில், பக்கத்துக் கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை யாரோ அன்பு மிகுதியால் தொட்டியில் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் காலை மாடு நின்றுகொண்டுதான் இருந்தது, கண்ணிலும் மூக்கிலும் வேறுபாடு தெரியவில்லை, ஆனால் கையை வைத்தால் உள்ளே புரளவே இல்லை. பள்ளம் களிமண்ணைத் தொட்டது போல் கனத்துக் கிடந்தது. சோறு அளவுக்கு மீறிப் போனால் மாட்டின் வயிற்றில் அமிலம் கூடி அசைவு நின்றுவிடும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்குச் சொன்னோம். வந்த மருத்துவர் என்ன தின்றது, எப்போதிலிருந்து அசை போடவில்லை என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடிந்தது. காப்பாற்றியது அவருடைய மருந்துதான். மடியின் ஒரு பாகம் மட்டும் சூடாக இருப்பதை இதே பழக்கத்தால் கண்டு, பால் திரிவதற்கு முன்பே மடிநோய்க்கு வைத்தியம் பார்த்ததும் உண்டு.

இதே காரணத்தால்தான் புகைப்படத்தை அனுப்பினால் தொலைவிலிருந்தே செய்வதாகச் சொல்லும் ரெய்கியில் எனக்கு ஆர்வம் இல்லை. இரண்டாம் நிலையில் அதற்கென்று குறியீடு கற்றுத்தருகிறார்கள். கை படாமல், கண் பாராமல் செய்யும்போது, நான் மேலே சொன்ன பலன்களில் ஒன்றுகூட மிஞ்சாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எனக்கு அறிமுகமான ஒரு பயிற்றுநர், நாய் கடித்த ஒருவரிடம் முதலில் ரெய்கி எடுத்துக்கொள்ளுங்கள், ஊசியைப் பிறகு பார்க்கலாம் என்று என் முன்னாலேயே சொன்னார். வெறிநோய் அறிகுறிகள் வெளிப்பட்ட பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பயிற்றுநரின் வகுப்புக்கு நான் யாரையும் அனுப்பவில்லை. மருந்தை நிறுத்தச் சொல்பவர் எவ்வளவு பெரிய மாஸ்டராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: வீட்டில் படுக்கையில் இருப்பவரைக் கவனித்துக்கொள்பவர் முதல் நிலையோடு நிறுத்திக்கொள்வது போதும், ஒரு மணி நேரம் கைப்பேசி இல்லாமல் ஒருவர் அருகில் உட்காரும் ஒழுங்கு அதிலேயே கிடைத்துவிடும். மாட்டுக்காக மட்டும் கற்க நினைப்பவர் அந்தப் பணத்தையும் செலவழிக்க வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய், மாடு பிடிக்க வந்திருக்கும் பெரியவர் ஒருவர் மடியையும் தோலையும் விலாவையும் எப்படித் தடவிப் பார்க்கிறார், எங்கே கையை நிறுத்துகிறார் என்று கூடவே நின்று கவனித்தால், முதல் நிலை வகுப்பில் எனக்குக் கிடைத்ததைவிட அதிகமாகவே அவருக்குக் கிடைக்கும்.