ஆர்.வி குளியலறையின் சாக்கடை நாற்றமும் ஹெப்வோ வால்வும்

அமெரிக்காவில் ஆர்.வி என்று அழைக்கப்படும், வீட்டு வசதிகளுடன் தங்கிப் பயணிக்கும் மோட்டார்ஹோம் வண்டியை வைத்திருப்பவர்கள், குளியலறையில் சாக்கடை நாற்றம் எழுந்தவுடன் கமோடைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். மலத்தொட்டிக்கான வாசனைத் திரவத்தை இரண்டு மடங்காக ஊற்றிப் பார்க்கிறார்கள். நாற்றம் போவதில்லை, திரவத்தின் நெடியும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. எங்கள் பழைய வண்டியில் நாற்றம் வந்த வழி ஷவருக்கு அடியிலிருந்த வடிகுழாய். அங்கே வேவின் நிறுவனத்தின் ஹெப்வோ என்னும் நீரில்லா வால்வைப் பொருத்தியபின், கோடைக்காலத்தில் அரிசோனா, நெவாடா பகுதிகளில் பயன்படுத்தியதை வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

வீடுகளில் ஷவருக்கும் வாஷ்பேசினுக்கும் கீழே பி-டிராப் எனப்படும் வளைகுழாய் இருக்கும். அந்த வளைவில் தேங்கி நிற்கும் சிறிதளவு நீர்தான் சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கிறது. வீட்டில் குறையின்றி வேலை செய்யும் இந்த ஏற்பாடு, வண்டி மேடுபள்ளங்களில் குலுங்கி ஓடும்போது அந்த நீர் அலம்பி வண்டியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் போய்விடுவதாலும், பயன்படுத்தாமல் நிறுத்தி வைத்திருந்தால் பாலைவன வெப்பத்தில் ஆவியாகிவிடுவதாலும், ஆர்.வியில் எளிதாகத் தோற்றுவிடுகிறது. குளியல் நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சேரும் கிரே டேங்கில் மலம் இல்லையே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. சோப்புப் பிசுக்கும் எண்ணெயும் உணவுத் துணுக்குகளும் காற்றில்லாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகி, அழுகிய முட்டையின் நாற்றத்தைக் கிளப்புகிறது. இந்த நிலையில் சன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டு, காற்றை வெளியேற்றும் கூரை விசிறியை ஓடவிட்டால், வெளிக்காற்று வர வழியில்லாத விசிறி, வறண்டுபோன வடிகுழாய் வழியாகத் தொட்டியின் காற்றையே உள்ளே இழுத்துவிடும். நாற்றத்தைப் போக்கப் போட்ட விசிறியே நாற்றத்தைக் கொண்டுவரும் இந்த வினோதம் பலருக்குத் தெரிவதில்லை.

ஹெப்வோ வால்வு நீரை நம்பாத நேர்க்குழாய். அதனுள் இருக்கும் நெகிழ்வான சவ்வு, ஊதாத பலூனின் கழுத்தைப்போல் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து நீர் வரும்போது திறந்து வழிவிட்டு, நீர் வடிந்ததும் தானாக மூடிக்கொள்கிறது. தொட்டிப் பக்கமிருந்து அழுத்தம் வந்தால் இன்னும் இறுக்கமாக மூடுகிறது. குழாயில் வெற்றிடம் உண்டானால் மட்டும் அறைக்காற்றைச் சிறிது உள்ளே விடுகிறது. வளைவு இல்லாததால் ஷவர் தளத்துக்கு அடியிலுள்ள குறுகிய இடத்தில் படுக்கைவாக்கிலும் பொருத்த முடிகிறது. அதன்மேல் உள்ள அம்புக்குறி நீர் ஓடும் திசையைக் காட்ட வேண்டும், படுக்கைவாக்கில் வைத்தால் தொட்டியை நோக்கிச் சரிவும் இருக்க வேண்டும். வண்டியிலுள்ள குழாயின் அளவுக்குரிய இணைப்பிகளையும் பார்த்து வாங்கிக்கொள்வது நல்லது. வேலையில் கடினமான பகுதி அந்த இடத்தைக் கை எட்டுவதுதான். சில வண்டிகளில் ஷவரின் பக்கப் பலகையைக் கழற்றாமல் ஒன்றும் செய்ய முடியாது.

பொருத்தியபின் ஷவர் பக்கமிருந்து வந்த நாற்றம் அடியோடு நின்றது. வண்டியைப் பல நாட்கள் வெயிலில் பூட்டி வைத்துத் திறந்தபோதும், ஓடும் விசிறிக்கு அருகில் நின்று பார்த்தபோதும் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. சாதாரண வளைகுழாயைவிட விலை கணிசமாக அதிகம் என்றாலும், மாதந்தோறும் வாசனைத் திரவத்துக்குச் செலவிடுவதை எண்ணினால் அது பெரிதாகத் தோன்றவில்லை. முடி மட்டும் இதற்கு ஆகாது. சவ்வின் மடிப்பில் முடி சிக்கினால் வால்வு முழுவதும் மூடாது. அடைப்பெடுக்கும் கம்பியை உள்ளே விட்டால் சவ்வே கிழிந்துவிடலாம். ஆகவே ஷவரின் வடிகால் வாயில் வலை வடிகட்டி கட்டாயம் தேவை. எண்ணெய்ப் பிசுக்கு மிகுந்த சமையலறை சிங்க்குக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

இதை வாங்குவதற்கு முன் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். வறண்ட வளைகுழாயில் ஒரு குவளை நீரை ஊற்றியதும் நாற்றம் குறைந்தால் இந்த வால்வு பயன்படும். கமோடுக் கிண்ணத்தில் இரவு விட்ட நீர் காலையில் காணாமல் போயிருந்தால், அடியிலுள்ள ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது அல்லது அதில் உப்புப் படிந்திருக்கிறது. அந்தக் குறைக்கு ஹெப்வோ எதுவும் செய்யாது. கமோடில் நீர்விட அழுத்தும் நொடியில் மட்டும் நாற்றம் வந்தால், விசிறியை நிறுத்திவிட்டு அழுத்திப் பார்க்கலாம். அப்போதும் வந்தால் கூரைக்குப் போகும் காற்றுக்குழாயைச் சோதிக்க வேண்டும், ஏனெனில் சில வண்டிகளில் அது நழுவித் தொட்டியின் திரவத்துக்குள் மூழ்கிவிடுவதால் வாயு வெளியேற வழியின்றிக் கமோடு வழியாக எழும்பும். வாஷ்பேசின் அடியிலிருக்கும் சிறிய பிளாஸ்டிக் காற்று வால்வு மூடாமல் நின்றுவிட்டாலும் இதே நாற்றம்தான் வரும். சில டாலருக்குக் கிடைக்கும் அதை முதலில் மாற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

குளிர்ப் பிரதேசங்களில் வண்டியை நிறுத்தி வைப்பவர்களுக்கு மற்றொரு வசதியும் உண்டு. வால்வில் நீர் தேங்காததால், உறைந்து வெடிக்காமல் இருக்க வளைகுழாயில் ஊற்றும் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம் ஷவருக்கு வேண்டியதில்லை. நல்ல நீர் ஓடும் குழாய்களுக்கும் மற்ற வளைகுழாய்களுக்கும் வழக்கமான குளிர்காலப் பாதுகாப்பைச் செய்தாக வேண்டும்.