குளோன் வார்ஸா, ரெபெல்ஸா? ஆட்களை நன்றாக வளர்த்த தொடர் எது?

ஸ்டார் வார்ஸ் அனிமேஷன் என்று பேச்சை எடுத்தாலே எங்கள் நண்பர் கூட்டம் இரண்டு கட்சியாகிவிடும். பெரம்பூர்க்காரர் ஒருவர் தீவிர குளோன் வார்ஸ் பக்தர். மற்றதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்தது என்பார். வேளச்சேரி நண்பர் ரெபெல்ஸ் பக்கம். "உங்க தொடர்ல எந்த எபிசோடு முன்னாடி, எது பின்னாடின்னே தெரியல, இதுல தொடர்ச்சியாம்!" என்பது அவர் வழக்கமாகப் போடும் குண்டு. பெசன்ட் நகர் கடற்கரையில் சுண்டல் தீரும்வரை நடக்கும் இந்தச் சண்டை, 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு காமிக் கான் வந்தபோது நுழைவு வரிசையிலும் நடந்தது. பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஒரு தம்பி உள்ளே புகுந்து இருவரையும் திட்டியதுதான் அன்றைய விசேஷம்.

இரண்டு தொடர்களையும் முழுதாகப் பார்த்தவன் என்ற முறையில் என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். திரைப்படங்கள் யாருடைய விதியை ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டனவோ அவர்களை இரண்டு தொடர்களாலும் பெரிதாக வளர்க்க முடியவில்லை. படங்கள் தொடாமல் விட்ட ஆட்கள்தான் வளர்ந்தார்கள். யார் யாருக்கு அந்த இடம் கிடைத்தது, அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இனி வருவதில் கதையின் முடிச்சுகள் எல்லாம் அவிழும். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் வேளச்சேரி நண்பரின் குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்கிறது. குளோன் வார்ஸ் 2008இல் ஒரு திரைப்படமாகத் தொடங்கி, அதே ஆண்டு அக்டோபரில் தொடரானது. 2014இல் ஆறாவது சீசன், 2020இல் ஏழாவது என்று நின்று நின்று ஓடி, மொத்தம் 133 எபிசோடுகள். காலவரிசைப்படி பார்க்க வேண்டுமானால் இரண்டாம் சீசனின் 16ஆவது எபிசோடில் ஆரம்பிக்க வேண்டும். அப்புறம் முதல் சீசனின் 16ஆவது, அதன்பின் திரைப்படம், அங்கிருந்து மூன்றாம் சீசனின் முதல் எபிசோடு. ஸ்டார் வார்ஸின் அதிகாரபூர்வத் தளமே இந்த வரிசையைப் பட்டியல் போட்டு வெளியிட வேண்டியிருந்தது. 2014 முதல் 2018 வரை வந்த ரெபெல்ஸில் இந்தத் தொல்லை கிடையாது. நான்கு சீசனையும் முதல் எபிசோடில் ஆரம்பித்து நேராகப் பார்க்கலாம்.

ஆனால் தேதி குழம்பியதால் ஆட்கள் குழம்பினார்களா? அதைத்தான் கேட்க வேண்டும்.

அனகினை எடுத்துக்கொள்வோம். ஜெடாய் என்ற வாள்வீரர் சபையைச் சேர்ந்த அவன், வில்லன் டார்த் வேடராகப் போகிறான் என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரியும். கர்ண மோட்சம் கூத்துக்கு விடிய விடிய உட்காருகிறவர்கள் கர்ணன் பிழைத்துக்கொள்வான் என்று நம்பியா உட்காருகிறார்கள்? எப்படி விழுகிறான் என்று பார்க்கத்தான். குளோன் வார்ஸ் அனகினிடம் அந்த விழுதலை அங்கங்கே காட்டுகிறது. கைதியின் கழுத்தை நெரிக்கிறான், ரகசிய மனைவி பத்மேயிடம் பொறாமைப்படுகிறான். ஆனால் ஒரு எபிசோடில் ஒரு படி இறங்கினால், அடுத்த கதையில் மறுபடி கலகலப்பான நாயகனாக ஏறி நிற்கிறான். அவன் வேடராக மாறும் 2005 படத்தின் தொடக்கத்துக்குள் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டுமே! அதே படத்தில் அனகினும் எதிரணி ஜெனரல் கிரீவஸும் முதன்முறையாகப் பார்த்துக்கொள்வதுபோல ஒரு வசனம் இருப்பதால், ஒரு பெரும்போரின் இரண்டு முக்கியத் தளபதிகளை இத்தனை எபிசோடுகளிலும் வாளோடு மோதவிடாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். தொடர்ச்சிக்காகப் பட்ட பாடு என்று மெச்சலாம். அதனால் கதைக்கு என்ன லாபம் என்று கேட்டால் பெரம்பூர்க்காரரும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

அசோகா டானோ வேறு கதை. படங்களில் அவள் பெயரே இல்லை. அனகினுக்கு ஒரு மாணவி இருந்தாள் என்று 2008இல் சொன்னபோது அது தொடர்ச்சியில் விழுந்த பெரிய ஓட்டையாகத் தெரிந்தது. அப்படி ஒருத்தி இருந்தால் 2005 படத்தில் எங்கே போனாள்? ஐந்தாம் சீசன் முடிவு இதற்குப் பதில் சொல்கிறது. செய்யாத குற்றத்துக்கு ஜெடாய் சபை அவளை வெளியேற்றுகிறது. உண்மை தெரிந்ததும் திரும்பக் கூப்பிடுகிறது. அனகின் அவளுடைய மாணவிச் சின்னமான மணிச்சரத்தைக் கையில் ஏந்தி நீட்டுகிறான். அவள் அதை எடுக்காமல் அவன் விரல்களை மடக்கி மூடிவிட்டு நடக்கிறாள். சபையை விட்டுப் போக நினைப்பது தனக்கும் புரியும் என்று அவன் சொல்ல, தெரியும் என்கிறாள் அவள். அந்த ஒரு வார்த்தையில் அவனுடைய ரகசியக் கல்யாணம் அவளுக்குத் தெரியுமோ என்ற சந்தேகம் நமக்கு வருகிறது. ஓட்டையை அடைத்ததும் ஆளை வளர்த்ததும் ஒரே காட்சி. தொடரின் உச்சம் இதுதான் என்பேன்.

அதே கதையில் ஒரு பெரிய கோளாறும் உண்டு. அசோகாவை மாட்டிவிடுவது அவள் தோழி பாரிஸ் ஆஃபி. இரண்டாம் சீசனில் இருவரும் இடிபாடுகளுக்குள் சேர்ந்து சிக்கியவர்கள், உயிருக்கு உயிராக இருந்தவர்கள். அதற்கும் ஐந்தாம் சீசனுக்கும் நடுவே பாரிஸ் எப்படி மாறினாள் என்று தொடர் காட்டவே இல்லை. கடைசியில் நீதிமன்றத்தில் ஒரு ஆவேசப் பேச்சு, அவ்வளவுதான். பேச்சு என்னவோ நியாயமானதுதான். ஆனால் அதைப் பேசும் அளவுக்கு அவள் எப்போது வந்தாள்? காலவரிசை தவறினால் பட்டியல் வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். ஒரு ஆளின் மனமாற்றத்தையே காட்டாமல் விட்டதற்கு எந்தப் பட்டியலும் உதவாது. 2024இல் ஒரு குறுந்தொடரில் பாரிஸுக்கு மூன்று எபிசோடுகள் கொடுத்தார்கள். அதுவும் பின்கதைதான், விட்டுப்போன நடுப்பகுதி வரவில்லை.

ஒரே ஆளின் நகல்களாக உருவாக்கிய படைவீரர்களான குளோன்களிடம் வந்தால் பெரம்பூர்க்காரருக்குக் குரல் உயர்ந்துவிடும். எனக்கும்தான். ஒரே முகம், டீ பிராட்லி பேக்கர் என்ற ஒரே நடிகரின் குரல். அதற்குள் ரெக்ஸ், ஃபைவ்ஸ், எக்கோ என்று தனித்தனி மனிதர்களைக் காட்டிவிட்டார்கள். முதல் சீசனில் ஒரு காவல் சாவடியில் புதுமுகமாக வரும் ஃபைவ்ஸும் அவன் படைத் தோழர்களும், அம்பாரா கிரகத்தில் தங்களைச் சாகடிக்கவே அனுப்புகிற ஜெடாய் தளபதிக்கு எதிராகத் திரும்புகிறார்கள். கட்டளைக்குக் கீழ்ப்படியப் பிறந்தவர்கள் கீழ்ப்படிய மறுக்கும் அந்த நான்கு எபிசோடுகளுக்கு ஈடாக ரெபெல்ஸில் எதுவும் இல்லை என்பதை வேளச்சேரியே ஒப்புக்கொண்டிருக்கிறது, ஒரு தடவை, நல்ல மூடில் இருந்தபோது.

அடுத்தது மூளைச் சில்லு. ஜெடாய்களைக் கொல்லச் சொல்லும் ஆணை 66 வந்ததும் குளோன்கள் ஏன் சுட்டார்கள்? 2005 படத்தில் விளக்கம் இல்லை. கட்டளை வந்தது, சுட்டார்கள். ஆறாவது சீசன்தான் ஒவ்வொருவர் மூளையிலும் சில்லு இருந்ததாகச் சொல்கிறது. பின்னால் செருகிய சால்ஜாப்பு, குளோன்களின் குற்றத்தைக் கழுவிவிட்டது என்பது எதிர்க்கட்சி வாதம். நான் இதில் சில்லுப் பக்கம். அம்பாராவை முதலில் காட்டாமல் சில்லை நுழைத்திருந்தால் அது சால்ஜாப்புதான். மறுக்கத் தெரிந்தவர்கள் இவர்கள் என்று நிரூபித்த பிறகு அந்த மறுப்பையே பிடுங்கிக்கொண்டதால்தான் வலிக்கிறது. சில்லைக் கண்டுபிடித்த ஃபைவ்ஸ் பைத்தியக்காரனாக முத்திரை குத்தப்பட்டு, சுடப்பட்டு, ரெக்ஸின் மடியில் உயிரைவிடுகிறான். பழைய படத்தை இப்போது போட்டுப் பார்த்தால் பின்னணியில் நிற்கும் வெள்ளைக் கவசங்களைச் சும்மா பார்க்க முடியவில்லை.

ஏழாவது சீசன் எங்களுக்கு வந்த நேரமும் சேர்ந்துகொண்டது. 2020 ஏப்ரல் 3ஆம் தேதிதான் ஹாட்ஸ்டார் வழியாக டிஸ்னி பிளஸ் இந்தியாவுக்கு வந்தது. கடைசி எபிசோடு மே 4இல். மறுநாள் கோயம்பேடு சந்தையை மூடினார்கள். வெளியே போக வழியில்லாத வாரத்தில், விழுந்து நொறுங்கிய கப்பலுக்குப் பக்கத்தில் வரிசையாக நட்ட, இறந்த குளோன்களின் தலைக்கவசங்களைப் பார்த்தோம். அந்த எபிசோடுக்கு நான் தரும் மதிப்பெண்ணில் ஊரடங்குக்கும் பங்கு இருக்கலாம் என்று வேளச்சேரி சொல்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ரெபெல்ஸுக்கு வருவோம். ஆரம்பம் சுமார்தான். வாள்கள் குச்சி மாதிரி இருக்கும், சிப்பாய்கள் சுட்டால் எதுவும் படாது. ஆனால் கேனன், ஹேரா, எஸ்ரா, சபின், ஸெப், சாப்பர் என்று கப்பலில் இருக்கும் ஆறு பேருமே புது ஆட்கள். யார் இருப்பார், யார் சாவார் என்று எந்தப் படமும் சொல்லிவைக்கவில்லை. இரண்டு தொடர்களுக்கும் பின்னால் இருந்தவர் ஒரே ஆள், டேவ் ஃபிலோனி. முதல் தொடரில் அவருக்குக் கிடைக்காத சுதந்திரம் இதில் முதல் நாளிலிருந்தே கிடைத்தது.

அதன் பலன் கேனன். ஆணை 66இல் குருவை இழந்து ஓடி ஒளிந்த சிறுவன், பயிற்சியை முடிக்காதவன், எஸ்ரா என்ற இன்னொரு பையனுக்குக் குருவாக வேண்டியிருக்கிறது. முதல் சீசனில் தடுமாறுகிறான். இரண்டாம் சீசன் இறுதியில் வில்லன் மால் அவன் கண்களைப் பறிக்கிறான். நான்காம் சீசனில் வெடிக்கும் எரிபொருள் கிடங்கின் தீயைத் தன் சக்தியால் தடுத்துப் பிடித்தபடி காதலி ஹேராவைத் திரும்பிப் பார்க்கும்போது, ஒரு கணம் அந்தக் கண்களுக்குப் பார்வை திரும்புகிறது. வசனம் இல்லை. மற்றவர்களைக் கப்பலோடு தள்ளிவிட்டு எரிந்துபோகிறான். ஓடியவன் நின்றான் என்று நான்கு சீசனையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். அனகினுக்கு இப்படி நேராகப் போகும் ஒரு கோடு குளோன் வார்ஸில் இல்லை. எஸ்ரா எனக்குக் கேனன் அளவுக்கு ஒட்டவில்லை. மூன்றாம் சீசனில் இருண்ட பக்கம் அவனை இழுப்பதாகக் காட்டி, பாதியிலேயே மறந்துவிட்டார்கள்.

ரெபெல்ஸின் இன்னொரு சாதனையை யாரும் அதிகம் பேசுவதில்லை. பேரரசின் உளவு அதிகாரி கல்லஸ். இரண்டாம் சீசனில் அவனும் அவன் பரம எதிரி ஸெப்பும் ஒரு பனி நிலவில் மாட்டிக்கொள்கிறார்கள். செலவு மிச்சம்பிடிக்க எடுத்த எபிசோடு மாதிரித்தான் இருக்கும். கடைசி நிமிடத்தைக் கவனியுங்கள். ஸெப்பைத் தேடி அவன் கூட்டமே வந்து கட்டிக்கொள்கிறது. கல்லஸ் தன் கப்பலுக்குத் திரும்புகிறான். மேலதிகாரி நின்று விசாரிக்கக்கூட இல்லை. அறைக்குப் போய், ஸெப் கொடுத்த ஒளிரும் கல்லை அலமாரியில் வைத்துவிட்டுத் தனியாக உட்காருகிறான். பின்னாளில் அவன் கட்சி மாறும்போது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பாரிஸுக்கு இப்படி ஒரே ஒரு நிமிடம் கொடுத்திருக்கக் கூடாதா?

இரண்டு தொடரும் பங்குபோட்டுக்கொண்ட ஆள் மால். 1999 படத்தில் இடுப்போடு இரண்டாக வெட்டப்பட்டவனை 2012இல் குளோன் வார்ஸ் உயிரோடு கொண்டுவந்தது. தொடர்ச்சி என்று பேசுகிறவர்கள் முதலில் இதற்குத்தான் வழக்குப் போட வேண்டும். ஆனால் கணக்கை முடித்தது ரெபெல்ஸ். 2017இல் பாலைவனத்தில் அனகினின் குருவாக இருந்த கிழட்டு ஓபி-வானும் மாலும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஓபி-வான் முதலில் போர்க்காலத்துத் தன் நிலையில் வாளைப் பிடித்து, பிறகு தன் குரு குய்-கான் நிற்பதுபோல் மாறுகிறார். குய்-கானை வீழ்த்திய அதே வித்தையை மால் போடுகிறான். இவர் அதற்குக் காத்திருந்ததுபோல் வாளைப் பிளந்துவிடுகிறார். சில நொடிகளில் முடிந்துபோகிறது. பெரிய சண்டையை எதிர்பார்த்த பெரம்பூர்க்காரருக்கு இன்றும் கோபம். ஒருவர் இருபது வருடம் வளர்ந்திருக்கிறார், இன்னொருவன் அங்கேயே நிற்கிறான் என்பதை இதைவிட எப்படிக் காட்டுவது?

வாதம் உண்மையாகவே சூடாவது அசோகா ரெபெல்ஸுக்குள் வரும்போதுதான். மலாகோர் கிரகத்தில் வேடரின் முகமூடியை அவள் வெட்ட, உள்ளே அனகினின் கண் தெரிகிறது, குரலும் பாதி அவனுடையது. இந்த முறை விட்டுப் போகமாட்டேன் என்கிறாள். குளோன் வார்ஸ் பார்க்காதவனுக்கு இது வெறும் வசனம். பார்த்தவனுக்கு அந்த மணிச்சரம் கண்ணில் நிற்கும். இவ்வளவு நன்றாகச் செய்துவிட்டு, நான்காம் சீசனில் காலத்தின் கதவைத் திறந்து எஸ்ரா அவளை வேடரின் வாளிலிருந்து இழுத்துக் காப்பாற்றுவதாக வைத்தார்கள். கதவு ஒன்று இருக்கிறது என்று ஆகிவிட்டால் இனி யார் செத்தாலும் எப்படி நம்புவது? இதில் நான் குளோன் வார்ஸ் கட்சி. ஆனால் நேர்மையாகச் சொன்னால், அதே கதவு வழியே கேனனையும் இழுக்க எஸ்ரா துடிக்கும்போது, அப்படிச் செய்தால் அவன் காப்பாற்றிய எல்லோரும் சாவார்கள் என்று அசோகா தடுக்கிறாள். எஸ்ரா உருப்படியாக வளர்வது அந்த இடத்தில்தான்.

சில்லறைச் சங்கதிகளுக்கு நான் சண்டை போடுவதில்லை. பேரரசர் பால்படைனுக்குக் குரல் கொடுத்த இயான் அபர்கிராம்பி 2012இல் இறந்த பிறகு டிம் கர்ரி பேசினார். மெகா சீரியலில் 'இவருக்குப் பதில் இவர்' போட்டுப் பழகிய நமக்கு அது ஒரு விஷயமா? கேனனின் இளமைக்கு நேர்ந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. அவன் குரு டெப்பா இறந்ததை 2015 காமிக்ஸ் ஒரு விதமாகச் சொன்னது. 2021இல் பேட் பேட்ச் தொடர், காமிக்ஸில் இல்லாத குளோன் குழுவைப் பக்கத்தில் நிறுத்தி, பனிக்காட்டில் வேறு விதமாகக் காட்டியது. காமிக்ஸில் அவன் கூட இருந்து பழகிய குளோன்களே சுடுகிறார்கள், பின்னாளில் ரெக்ஸைக் கண்டதும் அவன் ஆயுதத்தைத் தூக்குவதற்கு அதுதான் சரியான காரணம். அதனால் எனக்குக் காமிக்ஸ்தான் கணக்கு.

புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு என் யோசனை: குளோன் வார்ஸின் முதல் இரண்டு சீசனைக் காலவரிசைப் பட்டியல் பார்த்து, பிடிக்காத கதைகளைத் தாண்டிப் பாருங்கள். மூன்றாவதிலிருந்து ஆறு வரை எதையும் விடாதீர்கள். ஏழாவதை வைத்துக்கொண்டு ரெபெல்ஸின் முதல் இரண்டு சீசனை முடித்துவிட்டு, அப்புறம் ஏழாவதுக்குத் திரும்புங்கள். பெரம்பூர்க்காரர் இந்த வரிசையைக் கேட்டதும் எழுந்து போய்விட்டார். வேளச்சேரிக்கு முதல் பாதியில் ஆட்சேபம்.